கணவாயில் பிடித்த கயிறு

1974-ஆம் ஆண்டு செப்டம்பர் 17, செவ்வாய்க்கிழமை. இடம், இமாசலப் பிரதேசத்தில் ரோத்தாங் கணவாய். கடல் மட்டத்திலிருந்து பதின்மூன்றாயிரம் அடி உயரம். கடல் மட்டத்திலேயே பிறந்து வளர்ந்த தூத்துக்குடிக்காரர்கள் இரண்டு பேர் சாதாரண சைக்கிளோடு அங்கே போய் நின்றது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். பதினாறு வயதிலிருந்து நாள் தவறாமல் டைரி எழுதுகிறவன். எந்த வருஷம் மழை பிந்தியது, எந்தக் கப்பல் எத்தனை நாள் வெளியே நங்கூரம் போட்டு நின்றது என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

என்னோடு வந்தவர் என் தங்கையின் கணவர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் 'ஏலே'தான். கல்யாணம் ஆன மறுநாளிலிருந்து அவர் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மச்சான். பேச்சிலும் மரியாதை வந்துவிட்டது. அவர் சங்குகுளியாளி. ஏழெட்டுப் பாகம், அதாவது நாற்பது ஐம்பது அடி ஆழத்தில் மூச்சடக்கி மூழ்கி, மணலில் கிடக்கும் சங்கைப் பொறுக்கிவருவது தொழில்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மூழ்குகிறவரின் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வள்ளத்தில் நிற்பார். மூச்சு முட்டியதும் கீழேயிருந்து இரண்டு தரம் சுண்டுவார்கள். அந்த நொடியே மேலே இழுத்துவிட வேண்டும். கயிற்றைப் பெரும்பாலும் மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். தங்கச்சியின் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்க மாட்டான் என்ற நம்பிக்கைதான்.

நான் எடுத்தேன். 1972-ஆம் ஆண்டு ஜனவரியில், முதல் தடவையாக அவருடைய வள்ளத்தில் போனபோது. ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் கடிகாரம். மனிதன் எத்தனை வினாடி மூச்சடக்குகிறான் என்று குறித்துக்கொள்ள எனக்கு ஆசை. வாந்தி வேறு. அவர் சுண்டியது என் கைக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர் பாய்ந்து கயிற்றைப் பறித்து இழுத்தார். மாப்பிள்ளை மேலே வந்தபோது மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது.

“ஏலே, இவன் கையில பேனாவக் குடு. கயித்தக் குடுத்தா ஆளக் கொன்னுருவான்” என்றார் வள்ளக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. மறுநாளிலிருந்து அவருடைய பெரியப்பா மகன் கயிறு பிடித்தார். என் தங்கை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இனி மலைக்கு வருகிறேன். 1974 ஆகஸ்ட் 5, பனிமய மாதா திருவிழா. கூட்டம் கலைந்த பிறகு கடலைப் பொட்டலத்தோடு கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை திடீரென்று கேட்டார்.

“மச்சான், பொறந்ததுலேருந்து பனிமாதா பனிமாதான்னு கும்புடுதோம். அந்தப் பனி எப்படி இருக்கும்னு நம்ம தெருவுல ஒருத்தனாவது பாத்திருக்கானா?”

“கப்பல்ல போறவங்க பாத்திருப்பாங்க மாப்ள.”

“அவங்க பாத்தா நமக்கு ஆச்சா? நீருதான் லைப்ரரில பூராத்தையும் படிச்சிருக்கீருல்லா. எங்கன இருக்குன்னு சொல்லும், போவோம்.”

எங்களுக்குத் தெரிந்த பனி, மார்கழிக் காலையில் உப்பளத்து வரப்பை நனைப்பதுதான். வெள்ளை மலை என்றால் உப்பு அம்பாரம். நான் நூலகத்தில் பனியாறுகளைப் பற்றி வாசித்ததையெல்லாம் சொன்னேன். ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் ஐஸ் கட்டியாய் உறைந்து, கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்துகொண்டே இருக்கும் என்றதும் அவருக்கு உறக்கம் போய்விட்டது. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் சங்குகுளிப்பு கிடையாது. நவம்பர் வரைக்கும் அவருக்கு ஓய்வு. திருவிழா சைக்கிள் பந்தயத்தில் இரண்டு வருஷம் முதலாவதாக வந்தவர். “சைக்கிள்லயே ஏறிருவோம் மச்சான். பஸ்ஸுல போயிப் பாக்கதுக்கு அது என்ன மாமியார் வீடா?” என்றார்.

அன்றைய சைக்கிள் எப்படி இருக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கறுப்பு நிறம், இரும்புக் கனம், கியர் என்ற பேச்சே இல்லை. பிரேக் என்பது ஒரு கம்பியும் இரண்டு ரப்பர் கட்டையும். மலையேறப் பயிற்சி எடுக்க எங்கள் பக்கம் மலை ஏது? ஞாயிறு பூசை முடிந்ததும் கேரியரில் ஆளுக்கொரு உப்பு மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆறுமுகநேரி வரை போய்த் திரும்புவோம். வழியில் தாமிரபரணிப் பாலத்து ஏற்றம்தான் எங்களுக்கு இமயமலை. அதை ஐந்து தடவை ஏறி இறங்குவோம். பாலத்தடியில் துணி துவைக்கிறவர்கள் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 2, திங்கட்கிழமை புறப்பட்டோம். தங்கை ஸ்டேஷனுக்கு வந்து ஒரு டின் நிறைய எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூனும் ஒரு பொட்டலம் கருவாடும் கொடுத்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அண்ணே, அங்கன கடல் கெடையாது. ஒனக்கு வாந்தி வராதுல்லா?”

“வராதுளா.”

“அப்பம் இந்தத் தடவ நீயே பாத்துக்க. அவரு வாயத் தொறந்து எதுவும் சொல்ல மாட்டாரு.”

அவ்வளவுதான் சொன்னாள். 'கயிறு' என்ற சொல்லை அவள் எடுக்கவே இல்லை.

சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு ரயிலில் பதான்கோட் வரை சென்றோம். சென்னையைத் தாண்டியதும் கருவாட்டு வாசனைக்கு எங்கள் பெட்டியில் தாராளமாக இடம் கிடைத்தது. செப்டம்பர் 8-ஆம் தேதி மிதிக்க ஆரம்பித்து ஏழு நாளில் மணாலி சேர்ந்தோம். அந்த ஏழு நாளை நினைத்தால் இப்போதும் மனம் லேசாகிவிடும். பக்கத்தில் ஆறு இரைந்துகொண்டே வரும். ஆப்பிள் மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்தால் தோட்டக்காரர்கள் கூப்பிட்டுப் பழம் தருவார்கள். பாஷை தெரியாது; மாப்பிள்ளை ஒரு மக்ரூனை நீட்டுவார், அது வாயில் கரைந்ததும் அவர்கள் முகம் விரியும். எந்த ஊரில் எத்தனை மணிக்குத் தண்ணீர் குடித்தோம் என்பதுவரை நான் எழுதிக்கொண்டே வந்தேன்.

15-ஆம் தேதி ஞாயிறு. மணாலியில் ஓய்வு. 16-ஆம் தேதி, கணவாய்க்குக் கீழே டீக்கடைக் கூடாரங்கள் இருந்த இடம்வரை ஏறிப் படுத்தோம். 17-ஆம் தேதி காலைக் குறிப்பு என் டைரியில் இப்படி இருக்கிறது: '6.30 டீ. மாப்பிள்ளை சாப்பிடவில்லை, தலைவலி என்றார். 7.10 புறப்பாடு. வானம் தெளிவு.'

மேலே போகப் போகக் காற்று மெலிந்தது. பத்து அடி மிதித்தால் இருபது மூச்சு வாங்கியது. நான் பெரும்பாலும் தள்ளிக்கொண்டே நடந்தேன். மாப்பிள்ளை இறங்க மறுத்தார். மூச்சு விஷயத்தில் ஒரு குளியாளி தோற்பதாவது! ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாலும் நின்று, கண்ணை மூடி, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, வாயை இறுக்கிக்கொண்டு, வளைவு முடியும்வரை மூச்சே விடாமல் மிதித்தார். தண்ணீருக்குள் பழகிய வித்தை. அதை ஒரு 'முங்கு' என்று பெயர் வைத்து, “எத்தன முங்கு ஆச்சு மச்சான்?” என்று கத்துவார். நானும் கீழேயிருந்து எண்ணைச் சொல்லி உற்சாகப்படுத்தினேன். காற்றே இல்லாத இடத்தில் இருக்கிற மூச்சையும் அடக்கினால் என்ன ஆகும் என்று, எவ்வளவோ புத்தகம் படித்த எனக்கும் தோன்றவில்லை.

பதினொன்றாவது முங்குக்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். டைரியில் அடுத்த வரிகள்: '10.40 மாப்பிள்ளைக்கு ஓங்கரிப்பு. 10.45 வலது பக்கம் அருவி, சுமார் அறுபது அடி.' அந்தக் குமட்டலுக்கும் அருவிக்கும் ஒரே அளவு இடம். இன்று அதைப் படித்தால் எனக்குக் கூசுகிறது.

12.15-க்குக் கணவாய். பாதையோரம் பழைய பனி அழுக்காகக் கிடந்தது. மாப்பிள்ளை சைக்கிளைச் சாய்த்துவிட்டு முழங்காலில் உட்கார்ந்தார். சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“உப்பு இல்ல மச்சான்.”

அத்தனை வெள்ளையாக ஒன்று உப்பில்லாமல் இருக்கும் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. நான் சிரித்த சிரிப்பில் எனக்கே மூச்சு முட்டியது. எதிரே ஆழமான பள்ளத்தாக்குக்கு அப்பால், இரண்டு சிகரங்களுக்கு நடுவில், நான் படித்த பனியாறு நீலமும் சாம்பலுமாக இறங்கி நின்றது.

அந்த இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் என் திட்டத்தில் இன்னொரு வரி இருந்தது: 'கணவாய்க்கு மேலே நிரந்தரப் பனி. நடந்து சென்று தொடுதல். ஒரு மணி நேரம்.' திட்டத்தில் எழுதியதை விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. “வாரும் மாப்ள” என்றேன். அவர் எழுந்து வந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்போதும் எனக்கு முன்னால் போகிறவர் பின்னால் வருகிறார் என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. பனியின் விளிம்பில் நின்று அதன் நிறத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து சிகரத்தை மூடியது. காற்று திரும்பியது. பஞ்சு பஞ்சாகப் பனி விழ ஆரம்பித்தது. எங்கள் இருவர் வாழ்க்கையிலும் அதுதான் முதல் பனிமழை. “மாப்ள, பாத்தீரா!” என்று திரும்பினேன்.

அவர் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம். ஸ்வெட்டர் பொத்தானைப் போட முயன்று, விரல் கேட்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். ஏதோ சொன்னார், வார்த்தை குழறியது. கிட்டே குனிந்தேன். கழுத்திலிருந்து தொங்கிய என் மப்ளரின் நுனியைப் பிடித்தார். பிடித்து, இரண்டு தரம் சுண்டினார்.

என் கையிலிருந்து பேனா எங்கே விழுந்தது என்று தெரியாது. “ஏலே!” என்று அலறிவிட்டேன். கல்யாணத்திலிருந்து பழகிய மரியாதையெல்லாம் போய்விட்டது. “ஏலே, எந்திரிலே! கீழ போயிருவோம்லே!”

தோளில் தாங்கிக் கணவாய்க்கு இழுத்து வந்தேன். குடித்தவரைப் போல் கால் பின்னியது. லாரி எதுவும் கண்ணில் படவில்லை. அவருடைய சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டேன். சாமான் கட்டுவதற்காக அவர் வள்ளத்திலிருந்து ஒரு கயிறு கொண்டுவந்திருந்தார். அதை அவிழ்த்து, என் சைக்கிள் கேரியரில் அவரை உட்கார வைத்து, சீட்டோடு சேர்த்துக் கட்டினேன். ஒரு கையில் ஹாண்டில், மறுதோளில் அவர் தலை. இப்படித் தள்ளிக்கொண்டு இறங்கினேன்.

நனைந்த இரும்பில் பிரேக் கட்டை பிடிக்கவில்லை. மூன்றாவது வளைவில் பின்சக்கரம் வழுக்கி, வண்டி பள்ளத்துப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. உடம்பின் பலத்தையெல்லாம் கொடுத்து மலைப்பக்கமாகச் சாய்த்து விழுந்தேன். மாப்பிள்ளை என் மேல் கிடந்தார். எழுந்திருக்க எனக்குத் தெம்பில்லை. தங்கையின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. இரண்டாவது தடவையும் அவளுக்கு நான் இதைத்தான் செய்யப் போகிறேனா என்று நினைத்தேன்.

அப்போது மேலேயிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். சாலை போடும் கூட்டத்தைச் சேர்ந்தவர். நாற்பது வயது இருக்கும். முதுகில் கூடை, கம்பளி அங்கி, காற்றில் வெடித்த கன்னம். மாப்பிள்ளையின் உதட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கீழே கையைக் காட்டி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சொல் எனக்குத் தெரியாது, அர்த்தம் தெரிந்தது.

அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. கட்டியது போக மீதிக் கயிறு நீளமாகத் தொங்கியது. அதைக் கேரியரின் கம்பியில் முடிந்து, மறுநுனியைத் தன் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். போ என்று தலையை ஆட்டினார். நான் முன்னால் வண்டியைத் திருப்ப, அவர் பின்னால் நங்கூரம் போல் இழுத்துப் பிடிக்க, அடி அடியாக இறங்கினோம். வளைவு வந்தால் 'ஹோ' என்று ஒரு குரல் கொடுப்பார், நான் நிற்பேன். கயிற்றைக் கையில் மாற்றிக்கொள்வார், மறுபடியும் 'ஹோ'. இரண்டு மணி நேரம் இப்படியே நடந்தது. நான் பலமுறை திரும்பிப் பார்த்தேன். கூடை நிறையப் பனி விழுந்துகொண்டிருந்தது. அவர் பாதையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, தன் காலைக்கூடப் பார்க்கவில்லை. கண் கயிற்றிலேயே இருந்தது. எங்கள் கடலை அவர் கண்டிருக்கவே முடியாது. ஆனால் கயிறு பிடிப்பது என்றால் என்னவென்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அவர்களுடைய முகாமில் உருளைக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று நின்றது. சொல்லி முடிப்பதற்குள் டிரைவர் முன் சீட்டைக் காலி செய்து, என் சைக்கிளையும் மூட்டைகளின் மேல் ஏற்றிவிட்டார். கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. பையில் கிடந்த மக்ரூன் டின்னை அந்தப் பெண்ணின் கையில் திணித்தேன். அவர் கயிற்றைச் சுருட்டி என் மடியில் வைத்துவிட்டுப் பனிக்குள் போய்விட்டார். நான் அவர் பெயர்கூடக் கேட்கவில்லை.

கீழே ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் மூளை வீங்கி ஆள் போயிருப்பார் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டார். பிறகு மெதுவாக என்னைக் கேட்டார்.

“மச்சான், மேல வச்சு நான் கயித்தச் சுண்டினேனா?”

“சுண்டினீரு.”

“நீரு இழுத்தீரா?”

“இழுத்தேன் மாப்ள.”

“அப்பம் சரி.” பிறகு கண்ணில் அந்தப் பழைய குறும்பு வந்தது. “எத்தன செகண்டு இருந்தேன்னு எழுதி வச்சீரா?”

“பேனா போயிட்டு மாப்ள.”

அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடிவந்துவிட்டார்.

நான்காம் நாள் அதே லாரி டிரைவர் மாப்பிள்ளையின் சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கினார். கேரியரில் எங்கள் டின் கட்டியிருந்தது. திறந்து பார்த்தேன், நிறைய வறுத்த பார்லி மாவு. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காதது எங்கள் தெருப் பழக்கம். அந்த மலையிலும் அப்படித்தான் போலிருக்கிறது. அந்த மாவை ஊருக்குக் கொண்டுவந்து தங்கையிடம் கொடுத்து, நடந்தது அத்தனையும் சொன்னேன். அவள் மாவை வெல்லம் போட்டுப் பிசைந்து எங்கள் இருவருக்கும் தட்டில் வைத்தாள்.

நவம்பரில் சங்குகுளிப்பு தொடங்கியது. முதல் ஞாயிறு கழித்து ஒரு நாள் மாப்பிள்ளை விடியற்காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “லீவு போடும் மச்சான். அண்ணனுக்குக் காய்ச்சல்” என்றார். அவருடைய பெரியப்பா மகனுக்குக் காய்ச்சல் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கடிகாரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். அன்றைக்கும் மூன்று தடவை வாந்தி எடுத்தேன். வாயைத் துடைக்கவும் திரும்பவில்லை. வள்ளத்திலிருந்தவர்கள் கேலி செய்தது காதில் விழுந்தது. கயிறு இரண்டு தரம் சுண்டியதும் இழுத்தேன். ஒவ்வொரு தடவையும் இழுத்தேன்.

மணாலியில் புதுப் பேனா வாங்கியும் செப்டம்பர் 17-ஆம் தேதிப் பக்கத்தை நான் நிரப்பவில்லை. பனியின் நிறத்தைப் பாதி எழுதியதோடு நின்றுபோய், கீழே அரைப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. இத்தனை வருஷ டைரிகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருக்கிறீர்களே என்று யாராவது பாராட்டினால், நான் அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். அந்த ஒரு பிற்பகலில்தான் பக்கத்தில் இருந்த மனிதரை விட்டு என் கண் அகலவில்லை.